எந்தக் கால்

லூயிஸ்டனில் பிப்ரவரி.
வகுப்பு வாசலில் இருபத்திரண்டு ஜோடி பனிக்காலணிகள்
உருகி ஒழுகிக்கொண்டிருந்தன.
இதைவிடத் தோதான நாள் கிடைக்காதென்று
செருப்பைத் தொலைத்தவளின் கதையை எடுத்தேன்.

சுவரில் பழுப்புத் தாள். நான்கு கட்டம்:
யார் கொடுமை செய்தது, யார் உதவியது,
எங்கே தொலைந்தது, யார் கண்டெடுத்தது.
நாற்பது நிமிடப் பாடம்.
மூன்றாம் வகுப்புக்கு அது போதும்.

ஜெர்மனியில் சொல்வதை நான் சொன்னேன்:
தாயின் புதைமேட்டில் முளைத்த மரம்,
பட்டாடை உதிர்க்கும் பறவை,
செருப்புக்குள் நுழையக்
குதிகாலை அரிந்துகொண்ட அக்காள்.
"ரத்தம் வந்ததா?"
வந்தது என்றேன்.
வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மின் தூ வீட்டில் மரம் இல்லை, மீன்.
மற்றவர்கள் தின்று தீர்த்த மீனின் முள்ளை
நான்கு ஜாடியில் போட்டுக்
கட்டிலின் நான்கு காலடியிலும் புதைக்க வேண்டும்.
"தோண்டினால் நாறாதா?" என்றான் லூசியன்.
"தோண்டும்போது பட்டாக இருக்கும்" என்றாள்,
இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

இஃப்ராவின் அம்மாவுக்கு
இளவரசனையே பிடிக்கவில்லை.
ராத்திரி முழுக்க முகத்தைப் பார்த்து ஆடியவன்
மறுநாள் காலை அளந்துதான் கண்டுபிடிப்பானா,
கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாளாம்.
எந்தக் கட்டத்திலும் அடங்காததால்
தாளின் ஓரத்தில் எழுதினேன்.

கலோன்ஜி வெள்ளிக்கிழமைவரை வாய் திறக்கவில்லை.
"அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாதாம்.
அப்புறம் பாத்திரம் கழுவும்போது சொன்னாள்.
ஒரு பெண் ராத்திரியில் ஓடினாள்.
ஆற்றைத் தாண்டும்போது ஒரு செருப்பு போய்விட்டது."

யார் உதவியது?
யோசித்தான்.
"அன்றைக்கு நிலா இல்லை. அதுதான்."

யார் கண்டெடுத்தது?
"யாரும் தேடி வரவில்லை.
வரக்கூடாது என்றுதானே ஓடினாள்."

மார்க்கர் மூடியைத் திறந்தேன், மூடினேன்.
கோடு போடுவதா, "தெரியாது" என்பதா?
பதினாறு வருட வாத்தியாருக்குத் தெரியவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அப்போது லூசியன் கேட்டான்:
"எந்தக் கால்?"
கேலி என்று நினைத்து முறைத்தேன்.
கேலி இல்லை.
இருபத்திரண்டு பேரும் குனிந்து
தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கலோன்ஜியும் பார்த்தான்.
"கேட்டு வருகிறேன்."

சனி, ஞாயிறு பனி கொட்டியது.
அந்தக் கேள்வியை வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாதோ என்று
ரொட்டி மாவைத் தேவைக்கு மேல் பிசைந்தேன்.

திங்கட்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தான்.
"வலது."
ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்தேன்.
என் வலதெழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று.
மற்ற கதைகளுக்கு அந்தக் கட்டத்தில் பதில் இல்லை;
எல்லோரும் போய்க் கேட்டுவர வேண்டும்.

"இடது இன்னும் இருக்கிறது" என்றான் கலோன்ஜி.
"அம்மா காட்டினாள்.
ஒரு பையில் சுற்றி,
கட்டிலுக்கு அடியில்."

மின் தூ தலையாட்டினாள்,
சரியான இடம்தான் என்று.