தொண்ணூறாம் நாள்

காவேரிப்பட்டணம் அரிசி ஆலையில்
கொதிகலனுக்குத் தீனி போடுகிறவர் சென்றாயன்.
உமி எரிந்த நிறம் பார்த்துப் பிரிப்பார்:
கறுத்த சாம்பல் ஏரிக்கரைக்கு,
வெளுத்தது உங்களுக்கு.
கறுப்பில் கரி மிச்சம், அது எதையும் பிடிக்காது.
வெளுத்ததைப் பதினோரு சாக்கில் கட்டி
ராயக்கோட்டை ரோட்டு பாலிடெக்னிக்குக்கு
மினி ஆட்டோவில் ஏற்றிவந்தேன்.
வழியில் ஒரு சாக்கு பிரிந்து
டிரைவருக்கு அவசரமாக நரைத்துவிட்டது.

உமி குத்திக் கை சலிப்பது என்பார்கள்,
வீண்வேலையை.
எனக்குச் சலிப்பதுதான் வேலை.
தொண்ணூறு மைக்ரான் சல்லடை,
கீழே இறங்குவது மட்டும் கணக்கு.
என் இமைமயிர், சம்பளப் படிவம்,
தபஸ்ஸும் கொண்டுவந்த பிரியாணி டப்பாவின் மூடி,
எதிலும் மெல்லிய படலம்.
இறுதியாண்டு புராஜெக்ட் அவளுடையது.
பிசைந்த கை இரண்டு பேருடையது.

நூறு பங்கு சிமெண்டில் பதினைந்தை எழுப்பிவிட்டு
அந்த இடத்தில் சாம்பலை உட்காரவைத்தோம்.
சாம்பலுக்குத் தாகம் அதிகம்.
கொடுத்த தண்ணீர் போதாமல் கலவை முரண்டு பிடித்தது.
கம்பியால் குத்திக் குத்தி அச்சில் இறக்கினோம்,
அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து.
மறுநாள் அச்சைக் கழற்றினால்
ஒன்பது கனசதுரங்கள்,
எருமைக் கன்றின் நிறத்தில்.
பெயிண்டால் உ-15 என்று எழுதி
தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம். தை கடைசி.

ஏழாம் நாள் கான்ட்ராக்டர் வேடியப்பன் வந்தார்.
மாங்காய் மண்டித் தெருச் சாக்கடைக்கு
மூடிப்பலகை வார்க்க வேண்டும்.
சிமெண்ட் மிச்சமாகும் ஆசையில்
நின்றபடியே பார்த்தார்.
முள் ஏறியது. இருநூறு. இருநூற்று எழுபது.
இருநூற்றுத் தொண்ணூற்றேழில்
சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம்.
முள் திரும்பிவிட்டது.
"வெறும் சிமெண்ட் எவ்வளவு?"
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு என்றேன்.
அவர் பைக்கை உதைத்த சத்தம்
எங்கள் கட்டையின் சத்தத்தைவிடப் பெரிசு.

சொல்ல நினைத்தேன்:
இறுகும்போது சிமெண்ட் கொஞ்சம் சுண்ணாம்பை மிச்சம் வைக்கிறது.
சாம்பல் அதை எடுத்து மெல்லுகிறது,
கல்யாண வீட்டில் வெற்றிலை போடுகிறவரைப் போல,
பந்தி முடிந்து
பந்தல் பிரித்த பிறகும்.
மென்றது எல்லாம் பசையாகும்.
பில் பாஸாகும் தேதிக்குப் பல் கிடையாது,
விழுங்கத்தான் தெரியும்.

இருபத்தெட்டாம் நாள் இன்னும் மூன்று நொறுங்கின,
பரவாயில்லை என்கிற அளவில்.
தபஸ்ஸும் அறிக்கை கட்டிக் கொடுத்துவிட்டு
பயிற்சிக்கு ஓசூர் போனாள்.
தொட்டியை வடிக்கச் சொன்னார்கள்.
"அப்புறம் வடிக்கிறேன் சார்" என்றேன்.
அடியில் மூன்று இருந்ததைச் சொல்லவில்லை.

சித்திரை. விடுமுறை. வாட்ச்மேன் தவிர யாருமில்லை.
பாசி துடைத்து மெஷினில் வைத்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறை
முள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அறுநூறு.
எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.
எழுநூற்றாறில் உடைந்தபோது
கேட்டில் நாற்காலி நகர்கிற சத்தம்.
"என்னம்மா ஆச்சு?"

பதிவேட்டில் மூன்று, ஏழு, இருபத்தெட்டு
என்று மூன்று கட்டம்தான்.
ஓரத்தில், பென்சிலில், சாய்த்து எழுதினேன்: 31.4

மண்டித் தெருவில் மூடிகள் போட்டாயிற்று,
வெறும் சிமெண்டில். நன்றாகத்தான் இருக்கின்றன.
அதன்மேல் நின்றுதான் ரெண்டு கிலோ செந்தூரா வாங்கினேன்.
உடைந்த மூன்றையும் வாட்ச்மேன் அள்ளி
கேட் முன் பள்ளத்தில் கொட்டி மிதித்தார்.

சென்றாயனுக்குப் போன் போட்டேன்.
"எழுநூறுன்னா நெறையவா?"
"லோடு லாரி நாலு, ஒண்ணுமேல ஒண்ணு.
சாப்பாட்டுத் தட்டு அகலத்துல."
கொதிகலன் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
"அப்ப இன்னைக்கு வெளுத்தத என்ன பண்றது?
ஏரிக்கா?"

"வைங்கண்ணா" என்றேன்.
எங்கே என்று அவரும் கேட்கவில்லை.