சங்கம

குரியர்காரன் கையெழுத்து வாங்கிப் போன பிறகு
பெட்டியைப் பிரித்தேன்,
பல் செட் செய்யும் என் மேசைமேல்,
மெழுகுத் தாடைகள் இரண்டை ஓரமாய்த் தள்ளிவிட்டு.
நூற்றிருபது வெள்ளிக் காசுகள்,
தனித்தனி நீல டப்பாக்களில்.
ரோஸ் ஹில் முழுக்க மழை.

ஒரு பக்கம் தகரக் கூரை, அதைத் தாங்கும் நான்கு கைகள்.
எழுபத்தைந்தில் ஜெர்வேஸ் புயல் தூக்கிப்போன கூரைகளைத் தேடிக்
கரும்புக்குள் நுழைந்த பன்னிரண்டு பையன்களின்
களைப்பில் தொடங்கியது எங்கள் அமைப்பு.
கிடைத்தவை ஏழு.
எது யாருடையது என்று அடிதடியும் நடந்ததாம்,
அதைக் காசில் போடவில்லை.

மறுபக்கம், பிறையாய் வளைந்த எழுத்து:
இளங்கதிர் வாலிபர் சங்கம.
மற்ற நான்கு மெய்களுக்கும் புள்ளி உண்டு.
கடைசிக்கு இல்லை.

பீங்கான் பல்லின் விளிம்பு பார்க்கிற லூப்பை மாட்டினேன்.
முதல் காசில் இல்லை. பத்தாவதில் இல்லை.
நூற்றிருபதாவதில் மட்டும் ஏன் இருக்கப்போகிறது?

மாதிரிப் படம் வந்தபோது பார்த்தது ஐந்து பேர்.
வளைவு அழகு என்றார் தலைவர் கெசவென்.
மிரேய் கிராம் கணக்கைச் சரிபார்த்தாள்.
தமிழ் தெரிந்தவள் என்று
என் பெயருக்கு நேரே தனிக் கட்டம்.
அதில் டிக் போட்டது இந்தக் கைதான்,
வாக்வா பஸ்ஸில், நின்றபடி,
கம்பியைப் பிடிக்காத கை.

காசு ஒன்று மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
பாதிப்பேர் தவணை.
விழா ஞாயிறு, இன்று வியாழன்.
கப்பல் பதிவேட்டில் அருணாசலத்தை
ஆர்னாஷெலும் என்று எழுதிய குமாஸ்தா
அன்றிரவு நன்றாகத்தான் தூங்கியிருப்பான்.
நானும் தூங்கலாம்.

அரை மில்லிமீட்டர் பர் ஒன்றை டிரில்லில் மாட்டி,
காசை மெழுகில் பதித்து,
ம-வின் தலைக்கு மேல் தொட்டேன்.
வெள்ளி, பல்லைவிட மெது.
ஒரு நொடி, ஒரு குழி.
மற்ற எழுத்தெல்லாம் மேடு,
என் புள்ளி மட்டும் பள்ளம்.

ஐந்து. பதினெட்டு.
இருபத்தாறில் வழுக்கிப் பக்கத்துக் க-வுக்கு ஒரு கீறல்.
நாற்பத்தொன்றை முடித்து அடுத்ததை எடுத்தபோது
கரண்ட் போயிற்று.

இருட்டில் பெருவிரலால் தடவிப் படித்தேன்.
சங்கம.
புள்ளி போனால் மெய்க்குள் உயிர் வந்துவிடும்
என்று சனிக்கிழமை வகுப்பில் எழுதி
பத்துக்கு ஆறு வாங்கியிருக்கிறேன்.
இன்னொரு ம் வந்தால் சங்கமம்.
தமரேன் ஆறு உப்புக்குள் இறங்கும் இடம்,
எங்கே ஆறு முடிந்தது என்று
கால் வைத்தாலும் தெரியாத இடம்.

நல்ல சாக்கு.
ஆனாலும் கரண்ட் வந்ததும்
டிரில்லைக் கழற்றி வைத்தேன்.

ஞாயிறு. மண்டபம். டால் பூரி வாசனை.
டப்பாக்கள் கலந்துபோயின;
யாருக்குக் குழி, யாருக்குச் சமதளம், எனக்கே தெரியாது.
புயல் பையன்களில் மிஞ்சிய மூவர் மேடையேறினார்கள்.
ஒருவர் காசைக் கடித்துப் பார்த்தார்,
நான் செய்துகொடுத்த பல்லால்.

பிறகு கால்பந்து அணியின் கோலி,
பதினொரு வயது ழான்-நோயெல்.
தமிழ் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்.
படி என்று கெசவென் மைக்கை நீட்ட
எழுத்துக் கூட்டினான்.
இ-ளங்-க-திர். வா-லி-பர்.
சங்-க-ம
நின்றான். காசைத் திருப்பினான்,
மிச்சம் பின்னால் இருக்குமோ என்று.
அங்கே கூரைதான் இருந்தது.
"எ அப்ரே?" என்றான் மைக்குக்குள்.
அப்புறம்?

கைதட்டினார்கள், படித்துவிட்டதற்காக.
நான் தட்டவில்லை.
என் கைப்பையில், மடித்த காகிதத்துக்குள்,
நாற்பத்தொரு புள்ளிகள்,
தும்மினால் பறந்துவிடும் தூளாக.