தேதி, கிலோமீட்டர், பலன்

நூல் கம்பெனி கொடுத்த காலண்டரில்
ஜனவரித் தாளின் முதுகில் எழுதினேன்:
இந்த வருஷம் ஒரே ஒரு படம்.
கொறங்காட்டில் ஒற்றை வெள்வேல மரம்,
மரத்தின் பின்னால் ஊதியூர் மலை,
மலைமேல் மழை,
மரத்தின்மேல் வெயில்.
நாலு சரக்கு, ஒரே பில்.
கிளுவை வேலி இலவசம்.

போன வருஷமும் எழுதியிருந்தேன்:
நல்ல படங்கள் எடுக்க வேண்டும்.
நல்ல என்பதற்கு எந்தத் தராசு?
டிசம்பரில் கூட்டினால்
மூவாயிரத்துச் சொச்சம் படம்,
மிச்சம் பூஜ்யம்.
பதினாலு வருஷமாய்த் திருப்பூரில்
பனியன் ஏற்றுமதிக்குக் கணக்கு எழுதுகிறவள்,
அளக்க முடியாததை வரவில் வைக்க மாட்டேன்.
ஆகவே கோடு போட்டேன்.

பிப்ரவரி ஏழு. எண்பத்திரண்டு. வெயில் மட்டும்.
மார்ச் இருபத்தொன்று. எண்பத்திரண்டு.
வெயில் மட்டும், அதுவும் சாயம்போன வெயில்.
மே மூன்று. மலையில் இடி.
லென்ஸ் மூடியைக் காணோம்.

ஆடி முழுக்கக் காற்று.
மழை பாலக்காட்டிலேயே இறங்கிக்கொள்ளும்;
காற்று மட்டும் நம் பக்கம்வரை டிக்கெட் எடுக்கும்.
முக்காலியின் நடுக்கொக்கியில்
ரெண்டு தேங்காயைப் பையில் போட்டுத் தொங்கவிட்டேன்.
முக்காலி நின்றது.
மரம் நிற்கவில்லை.

"ஏனுங்கக்கா, காட்டை வெலைக்குக் கேக்க வந்தீங்களா?"
படலைத் தூக்கிச் செம்மறிகளை உள்ளே விட்டபடி
குத்தகைக்காரத் திருமூர்த்தி.
படம் என்றேன்.
"பதினோரு தடவையா?"
பன்னிரண்டு என்று திருத்தினேன்.

மாதக் கடைசியில் கன்டெய்னர் கிளம்பும்.
மூன்றாம் மாடி ஜன்னலில் தென்கிழக்கு கறுக்கும்.
அங்கே அது நடந்துகொண்டிருக்கும்;
ஷிப்பிங் பில் முடியாமல் எழ முடியாது.
அந்தத் தேதிகளையும் எழுதினேன்:
பூஜ்யம் கிலோமீட்டர்.
நடந்திருக்கலாம்.

புரட்டாசியில் போனபோது
மரத்துக்கும் மலைக்கும் நடுவில்
புதுசாய் ஒரு காற்றாலை.
ஏழடி தெற்கே நகர்ந்தேன்.
மரம் அதன் தண்டை மறைத்தது.
இறக்கை ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தது.

நவம்பர் ஒன்பது, மாலை ஐந்து நாற்பத்தொன்று.
மேற்கே மேகம் விரலளவு கிழிந்தது.
வெள்வேலின் பட்டை பற்றிக்கொண்டது.
பின்னால் மழை
தொங்கவிட்ட பாவு மாதிரி அசையாமல்.
செம்மறிகள் தலை தூக்கவில்லை.
பதினோரு நொடி.
நாலு முறை அழுத்தினேன்.
மூன்றில் என் அவசரம் ஆடியிருக்கிறது.
நாலாவதில் எல்லாம் இருக்கிறது,
இறக்கையும்.

"ரெண்டு நிமிஷ வேலைங்க"
என்றார் ஸ்டுடியோ சென்னியப்பன்.
துடைத்தார்.
வானம் தையல் தெரியாமல் மூடிக்கொண்டது.
பெரிதாய்ப் போட்டு
மேசைக்கு எதிரே மாட்டினேன்.
ஒன்பது நாள்
எந்த பில்லிலிருந்து தலை நிமிர்ந்தாலும்
கண் அந்த மூலைக்கே போனது,
ஒரு ரூபாய் இடிக்கும் ஐந்தொகையில் போவதுபோல.
அங்கே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைதான் இடித்தது.

பத்தாம் நாள் இறக்கையோடு போட்டு வாங்கினேன்.
"முன்னதே நல்லாத்தான இருந்துச்சு"
என்றார், காசை எண்ணியபடி.

ஒரு பிரதி திருமூர்த்திக்கு.
மலை, மழை, மரம், இறக்கை எல்லாவற்றையும் தாண்டி
வேலியோரம் விரல் வைத்தான்.
"இந்தக் கெடாயை வித்துப்போட்டனுங்க்கா."
நான் அதுவரை பார்க்காத கிடா.

முப்பத்தொரு நடை.
இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
பலன் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
கொஞ்சம் சின்னதாய்த் தெரிந்தது.
அடித்து எழுதுவது கணக்கில் வழக்கமில்லை.

புதுக் காலண்டர் வந்துவிட்டது.
ஜனவரியின் முதுகு இன்னும் வெள்ளை.
ஞாயிறு விடியும் முன்
ஸ்கூட்டருக்கு இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன்.
எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை.
"பில்லு வேணுங்களா?" என்றான் பங்க் பையன்.
வேண்டும் என்றேன்.