தோடு

மில்லுக்காரன் தள்ளிவிட்டுப் போன
அயனியின் அடிமுண்டு.
'வேலியோரத்து மரமாக்கும். உள்ளே இரும்பு கிடக்கும்,
வாள் போயிரும்.'
மேல்தடிக்கு மட்டும் காசு எண்ணினான்.

ஆனி மழை முளகுமூட்டுக்கு
ஒரு ஞாயிறு விட்டுக்கொடுத்தது.
மார்த்தாண்டம் சந்தையில் வாங்கின குழியுளி,
புளியங்கட்டையில் கொட்டாப்புளி.
வட்டம் போட இட்லிச்சட்டி மூடியைக் கவிழ்த்து
கரிக்கட்டையால் சுற்றினேன்.

சக்கைச்சுளை நிறத்தில் சீவல் தெறித்தது.
சாயங்காலம் அளந்து பார்த்தால்
இரண்டு விரல்கடை ஆழம்.
இரண்டு கொப்புளம்.

'என்னதாக்கும் பண்ணுது?'
மாட்டுக்குத் தொட்டி என்றார் பால்காரர்.
கிளாடிஸ் டீச்சர் ரோஜா நடலாம் என்றாள்.
மெல்பின் போனிலிருந்து தலை தூக்காமல்
'சின்னப் பெட்டி, யாருக்கோ' என்றான்.
எனக்கும் தெரியாது.
அடுத்த ஞாயிறும் அதையே தோண்டினேன்.

பத்தொன்பது வருஷமாக முந்திரி ஆலையில்
தோடு உடைக்கிறேன்.
ஒரே தட்டு, பருப்பு முழுசாய் வரணும்.
கீறிவிட்டால் உடைசல், அதற்குக் கூலி வேறே.
தோட்டெண்ணெய் தின்று கறுத்த இந்த விரலுக்கு
பருப்புக்கு வலிக்காமல் தட்டத் தெரியும்.
இங்கே எல்லாம் தலைகீழ்:
பருப்பைக் கடவம் கடவமாய் அள்ளி அடுப்பில் போடு,
தோட்டைக் காப்பாற்று.
கை பழக நாளாயிற்று.
கணுவிரலால் வெளியே தட்டித் தட்டி
சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்தினேன்.

நாலாம் ஞாயிறு
மஞ்சளுக்குள் ஒரு நீலக்கறுப்பு,
மை ஒழுகினதுபோல் இழை வழியே கீழிறங்கி.
அழுகல் என்று நினைத்து ஓங்கிப் போட்டேன்.

ணங்.

உளிவாயில் அரிசி அளவு பல் போயிற்று.
கறுப்புக்கு நடுவே
முள்கம்பி அடிக்கிற ஆணி,
'ப' போல இரண்டு கால் ஊன்றி.

இரும்புச் சத்தத்துக்கு
மதிலின் மேல் ஒரு தலை முளைத்தது.
பிரைட்சிங்.
அவர் வீட்டோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
அதற்கு முன்னால் ஏழு வருஷம்
பத்மநாபபுரம் கோர்ட்டில் மட்டும் பேசினோம்,
அதுவும் வக்கீல் வாயால்.
'வேலி இருந்ததற்கு என்ன அத்தாட்சி?'
அவர் வக்கீல் என்னிடம் கேட்டது.
என் வக்கீல் அவரிடம் கேட்டதும்
அதே கேள்வி.
பணம் தீர்ந்தபோது மதில் கட்டினோம்,
இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு கோட்டில்.

சாட்சி இதற்குள் கிடந்திருக்கிறது,
பட்டையை மூடி, தின்று, விழுங்கி.

ரோடு இருக்க, மதிலேறிக் குதித்தார்.
முண்டுக்குள் கைவிட்டு
ஆணியை வருடினார், கண்மூடி,
நாடி பார்ப்பதுபோல.
'எங்க பக்கமாக்கும் இது.'
'இல்ல. எங்க பக்கம்.'
சத்தமில்லாமல்தான் சொன்னோம்.
மரம் நின்றிருந்தால் ஆணி சொல்லியிருக்கும்.
நானோ முண்டை
மூன்று தடவை உருட்டிப் போட்டிருக்கிறேன்.
எது கிழக்கென்று
அதற்கே மறந்திருக்கும்.

கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.
பிறகு உளியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்,
போய் அரம் எடுத்து வந்தார்
(இந்தத் தடவை ரோடு வழி),
பல் மறையும்வரை ராவினார்.
'ஆணியைப் பிடுங்காத. பிளந்திரும்.'
அவ்வளவுதான் சொன்னார்.

ஆணியைச் சுற்றி ஒரு முழி விட்டுவிட்டேன்.
அந்த இடத்தில் மட்டும் சுவர் தடிப்பு.
கை உள்ளே போனால் முதலில் அதுதான் இடிக்கிறது.

வெடிக்காமலிருக்க இரண்டு வாயிலும்
மாதா குருசடியில் மிஞ்சின மெழுகுதிரியை உருக்கிப் பூசி
வாழைமூட்டு நிழலில் படுக்கப் போட்டேன்.

திங்கள் ஆலை விட்டு வந்தபோது
அதற்குள் கோழி.
பிரைட்சிங் வீட்டுக் கழுத்தறுத்தான்.
முண்டுக்கு என்ன வேலையென்று
அதற்குத்தான் முதலில் தெரிந்தது.

வியாழனுக்குள் மூன்று முட்டை.
இரண்டை மதில்மேல்
உருளாமல் சீவலில் வைத்தேன்.
ஒன்று பொரித்தேன்.