மேலே என்றால் கிழக்கு

'அன்புள்ள பயணிக்கு' என்று தொடங்கினேன். அடித்தேன்.
'நிகரகுவா உங்களை வரவேற்கிறது.'
அதையும் அடித்தேன். வரவேற்க நான் யார்?
எழும்பூர், பாந்தியன் சாலை,
ஏசி சொட்டும் இரண்டாம் மாடியில்
போகாத ஊருக்கு வழி எழுதிச்
சம்பளம் வாங்குகிறவள்.

மூன்று மடிப்பு, ஆறு பக்கம், ஆறு மணிக்குள்
என்றார் முதலாளி ஜஸ்டஸ்.
முகப்பில் எரிமலை. உள்ளே ஒரு பறவை.
அரசியல் வேண்டாம்.

ஆகவே, பயணியே,
வெயில் உங்களுக்குப் புதிதல்ல.
சென்னை பதின்மூன்றாம் பாகை, மனாகுவா பன்னிரண்டு.
உருண்டையைச் சுழற்றிவிட்டால்
ஏறக்குறைய ஒரே கோடு, அதே கசகசப்பு.
கடிகாரம் மட்டும் பதினொன்றரை மணி பின்னால்.
இங்கே நீங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது
அங்கே காலைப் பலகாரம்.
அதுவும் சோறுதான்,
சிவப்புப் பயறோடு புரட்டிய நேற்றைய சோறு.
பெயர், புள்ளிச் சேவல்.
சைவர்கள் பயப்பட வேண்டாம், சேவல் பெயரோடு சரி.
எந்தக் கொழுப்பில் வதக்கினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மழைக்காலத்தைக் குளிர்காலம் என்பார்கள்.
மே மாதம் தொடங்கும். ஸ்வெட்டர் தேவையில்லை.
மார்கழிக்குக் குரங்குக் குல்லாய் போடும் நமக்குச்
சிரிக்க உரிமையில்லை.

நன்னீர் ஏரி ஒன்றில் சுறா உண்டாம்.
ஏரி நடுவே தீவு, தீவின் மேல் இரண்டு எரிமலை.
இந்த வரியை எழுதும்போது கீழே
தண்ணீர் லாரி பின்வாங்குகிறது,
பீப், பீப், பீப் என்று.

முன்பணம் கட்டியவர் இதுவரை ஒருவர்தான்.
பெரம்பூர் தேவகிருபை,
ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து
விருப்ப ஓய்வு வாங்கியவர்.
'முப்பது வருஷம் நெருப்பைக் கறுப்புக் கண்ணாடி போட்டே பாத்தேன்.
வெறுங்கண்ணால ஒருவாட்டி பாக்கணும்.
மசாயாவுல குழம்பு தெரியுமா?'
சில வருஷம் தெரியும்,
சில வருஷம் மண் சரிந்து மூடிக்கொள்ளும்,
உத்தரவாதம் கிடையாது என்றேன்.
ரசீதை நாலாக மடித்து பர்சுக்குள் வைத்தார்.
'சூடாவது தெரியும்ல?'

தங்கும் விடுதிக்கு முகவரி கேட்டு எழுதினேன்.
நடத்துகிற இல்டா அம்மாள் அனுப்பிய பதில்:
சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து
ஏரிப் பக்கம் இரண்டு தெரு,
மேலே ஒரு தெரு.
மரம் எங்கே என்று கேட்டேன்.
மரம் போய் எத்தனையோ வருஷமாயிற்று,
எல்லாருக்கும் தெரியுமே என்றார்.

எல்லாருக்கும் தெரியும்.
நானும் ஜெமினிக்கு டிக்கெட் வாங்கி இறங்குகிறேன்,
ஸ்டூடியோவைப் பார்த்ததில்லை.
சஃபையர் இருந்த இடம் என்றால் ஆட்டோ திரும்புகிறது.
என் வீடு பழைய எண் பதினேழு, புதிய எண் நாற்பத்தொன்று.
கூரியர்காரர் இரண்டையும் நம்பாமல்
'டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்லயா?' என்கிறார்.

ஆனால் அந்த 'மேலே'.
அவர்களுக்கு சூரியன் ஏறும் பக்கம் மேல்,
இறங்கும் பக்கம் கீழ்.
நமக்கு மலைப்பக்கம் மேல், அது மேற்கு.
கடல்பக்கம் கீழ், அது கிழக்கு.
சூரியன் அவர்களுக்கு மேலே உதிக்கிறது,
நமக்குக் கீழே.
மொழியை நம்பி நடக்கிற தமிழர்
அங்கே ஒரு தெரு தவறுவதில்லை,
சரியாக இரண்டு தெரு தவறுவார்.

இந்தப் பத்தியை ஜஸ்டஸ் நீக்கிவிட்டார்.
பறவைக்கு இடம் போதவில்லை.

தேவகிருபையின் பிரதியில் மட்டும்
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
அக்கா, மேலே என்றால் கிழக்கு.
மெரினாவில் விடியும் பக்கம் எதுவோ
அந்தப் பக்கம் ஏறுங்கள்.
மரத்தைத் தேடாதீர்கள்.