போதுமான அளவு

பிப்ரவரி. வெஸ்ட்ரே தீவு.
இறங்கி அரைமணி ஆகியும்
வயிற்றுக்குள் படகு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
ஐசோபெல் ரெண்டாலின் மாட்டுக்கொட்டகை,
வடக்குச் சுவரில் ஒரு மின்பெட்டி.
சோதித்துச் சான்றெழுத வந்தவன் நான்.
கையில் விதிநூல்,
பையில் ஒரு பொய்விரல்.

பொய்விரல் என்றால் இரும்பு விரல்.
கணு உண்டு, நகமில்லை,
தடிமன் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
அது உள்ளே புகுந்து
மின்னோடும் செம்பைத் தொட்டால்
பெட்டி தோற்றது.
மேல்மூடிக்கு இன்னும் கெடுபிடி:
ஒரு மில்லிமீட்டர் கம்பிகூட நுழையக்கூடாது.
மனிதன் எங்கெல்லாம் விரல் விடுவான் என்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

காற்றுக்கு விரல் இல்லை.

பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை.
ஆறு மில்லிமீட்டர், துளைமுனையின் சுத்தமான வட்டம்.
அதன் வழியே கேபிள் எதுவும் வரவில்லை.
கேபிள் வரும் வாய்களிலோ
சாம்பல்நிற மக்கு,
அழுத்திய கட்டைவிரலின் ரேகையோடு.

"யார் கைவேலை?"
"மேன்சி ட்ரெவர்" என்றாள் ஐசோபெல்,
ரேகையைப் பார்க்காமலே.

தீவில் எலக்ட்ரீஷியன் இரண்டு பேர்.
சர்ச்சுக்கு வடக்கே மேன்சி, தெற்கே தோரா ஃப்ளெட்.
மதம் மாறினாலும் மாறுவார்கள்,
எலக்ட்ரீஷியனை மாற்ற மாட்டார்கள்.
நான் வந்த செய்தி எனக்கு முன்பே போயிருந்தது.
இருவரும் வந்துவிட்டார்கள்,
தனித்தனி வண்டியில்,
ஒரே சேற்றில்.

மேன்சி சொன்னான்:
"பெட்டி மூச்சு விடுகிறது.
சூடானால் வெளியே, குளிர்ந்தால் உள்ளே.
இழுத்த மூச்சு உள்ளேயே வேர்க்கும்.
அழுது தீர்க்க ஒரு துளையாவது வேண்டாமா?"

தோரா சொன்னாள்:
"அழுகிற வழியாகத்தான் கடல் வரும்.
சுண்டெலிக்கும் அதுதான் தலைவாசல்.
சிலிகான். சுற்றி முழுக்க. ஊசிமுனை இடம் விடாமல்."

"உன் பெட்டிகளில் மீன் வளர்க்கலாம்."
"உன்னுடையதில் உப்பு விளைகிறது."

மாடுகள் அசைபோட்டன.
நான் விதிநூலைப் பிரித்தேன்.
குளிரில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.
கேபிள் நுழையும் இடங்களைப் பற்றி,
ஈரம் பற்றி, அரிப்புப் பற்றி
பத்தி பத்தியாகத் தேடி வந்து
கடைசியில் என் விரல் நின்ற சொல்:
போதுமான.
போதுமான அளவு பாதுகாப்பு.

"எவ்வளவு போதும்?" என்றாள் ஐசோபெல்.

நான் அட்டையைத் திருப்பி
அச்சிட்ட ஊரைப் பார்த்தேன்.
அந்த ஊரில் மரங்கள் உண்டு.
மரம் நேராக வளரும் ஊரில்
போதும் என்பது வேறு அளவு.

மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை.
ஆனால் முனைகளெல்லாம் பச்சை.
உப்பிட்டவரை
உள்ளளவும் நினைக்கிறது செம்பு.

தோரா சிரிக்கவில்லை.
போன வாரம் பள்ளிக்கூடச் சுவரில்
அவள் அடைத்த பெட்டியைத் திறந்தேன்.
மூடியோடு சேர்ந்து வந்தது
ஒரு கோப்பைத் தண்ணீர்,
என் கைச்சட்டைக்குள்.
அதை அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

மூடியைத் திருப்பி மாட்டினேன்.
பொய்விரலை ஓட்டையில் வைத்தேன்.
போகவில்லை.
சட்டப்படி அங்கே ஓட்டையே இல்லை.
என் சொந்தக் கையை
உறை கழற்றி அடியில் நீட்டினேன்.
கேபிள் குழாய் வழியே வந்து
பெட்டியைக் கடந்து
உள்ளங்கையில் இறங்கியது
அட்லாண்டிக்.

படகுக்கு இருபது நிமிடம்.
படிவத்தில் எழுதினேன்: விதிமீறல் இல்லை.
"குறிப்புகள்" என்று ஒரு கட்டம்,
வழக்கமாகக் கோடு போட்டுவிடுவேன்.
அன்று அதில் எழுதினேன்:
காற்று வருகிறது.

ஐசோபெல் கையெழுத்துப் போடுமுன்
கண்ணாடியைத் தேடி எடுத்து
ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.
குறிப்பில் வந்து நின்றாள்.

"இதற்குத் தனிக் கட்டணமா?"