வண்டலோடு

குக் டவுனில், சைக்கிள் கடை இருந்த இடத்தில்
பதினெட்டு நாற்காலி, ஒரு கரும்பலகை.
இந்த வாரம் என்ன விளைந்ததோ அது மட்டும் அதில்.
ஜனவரி. ஆகவே எங்கும் அவரை.

ஜெசிந்தா எனக்கு முன்பே வந்து
மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
பலகையை வழக்கு மனு மாதிரி படித்துக்கொண்டிருந்தாள்.
போன மார்ச் வரை எனக்கு நாத்தனார்.
தீர்ப்புக்குப் பிறகு அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று
இரண்டு வக்கீல்களும் சொல்லவில்லை.

"பிதுக்கம்பருப்பு, சுட்ட ரொட்டி மேல. நானூத்தி இருபது."
நான் சிரிக்கத் தயாரானேன்.
"நியாயந்தான். உரிச்சு, ஊறவச்சு, பிதுக்கி,
நாலு நாள் நகக்கண் வலிக்கும். அதுக்குக் காசு."

பரிமாறும் பெண் லின்தோய்
குப்பியைக் குலுக்காமல் சாய்த்தபடி
ஆங்கிலத்தில் சொன்னாள்: வடிகட்டாதது,
எதையும் சேர்க்காதது, எதையும் எடுக்காதது.
ஊற்றியது கலங்கல்.
ஆரஞ்சென்றும் பழுப்பென்றும் சொல்ல முடியாத,
முதல் மழைக்கு மறுநாள் ஏரி நிறம்.
ஜெசிந்தா முகர்ந்து பார்த்தாள். "ஊறுகாய் ஜாடி."
ஒரு மிடறு. "நல்ல ஊறுகாய்."

பிறகு கேட்டாள், என்னைப் பார்க்காமல்:
"தேறிட்டியா?"

நான் அகராதி வேலை செய்கிறவள்.
பொருளுக்கு முன்னால் வேர் தட்டுப்படும் வியாதி.
தேறு: தெளி. தேறு: நோய் நீங்கு. தேறு: பரீட்சையில் வெல்.
வண்டல் இறங்கித் தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பேர்.
பாணருக்கு மன்னர்கள் வார்த்துக் கொடுத்தது அதைத்தான்,
கலங்கலை யாரும் பாடவில்லை.

கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கினேன்.
அந்தப் பக்கம் அவள் விரல்கூடத் தெரியவில்லை.
"இப்படி இருக்கேன்."

"குடிக்கிற மாதிரிதான் இருக்க."

தட்டுகள் சின்னவை. எல்லாவற்றிலும் மூன்று.
இரண்டு பேர் என்று சொல்லியும் மூன்று.
ரொட்டி மூன்று. பச்சைப்பூண்டுக் காளான் மூன்று.
மஞ்சள் கிழங்கு சீவிப்போட்ட கொய்யா, மூன்று கீற்று.
தட்டுக்கு ஒன்று மிஞ்சி
மேசை நடுவே உட்கார்ந்திருந்தது
அவள் அண்ணனைப் போல,
யாரும் தொடாமல், யாரும் பெயர் சொல்லாமல்.

எடுத்துவிடவா என்றாள் லின்தோய்.
இல்லை என்றோம், ஒரே நேரத்தில்.

ஜெசிந்தா கைப்பைக்குள் முழங்கை வரை துழாவி
காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை வைத்தாள்.
பிரித்தால் குக்கர் வெயிட்.
"அலமாரில கிடந்தது. குக்கர் உங்கிட்ட இருக்கறப்ப
இது எங்களுக்கு என்னத்துக்கு?"

பத்து மாதமாகப் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிறேன்.
புதுசு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.
ஏன் வாங்கவில்லை என்று அவள் கேட்கவில்லை,
அதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில் வீணாயிற்று.

உப்புக்குப்பி என்று நினைத்து லின்தோய்
அதைப் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோனாள்.
அங்கே ஒருவர் அவித்த முட்டை மேல் கவிழ்த்து,
தட்டிப் பார்த்து,
மறுபடி தட்டிப் பார்த்து.

மூக்கில் வைன் ஏறுமட்டும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குமுன் வெண்ணெய்க் கத்தியை எடுத்து
மிஞ்சிய ரொட்டியை ஜெசிந்தா வெட்டினாள். கோணல் வெட்டு.
பருப்பெல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிந்தது.
"பெரிசு எனக்கு," என்று எடுத்துக்கொண்டாள்.

குப்பியில் ஒரு விரற்கடை மிச்சம்.
அடி வண்டல், வேண்டாமே என்று தயங்கியவளிடம்
"ஊத்தும்மா" என்றாள், தமிழில்.
லின்தோய் ஊற்றினாள்.

வெளியே குளிர். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் ஐம்பது கேட்க
கன்னடத்தில் முப்பதுக்கு முடித்து, ஏறி,
தலையை மட்டும் வெளியே நீட்டினாள்:
"அடுத்த மாசம் அவரை முடிஞ்சிரும்.
வேற என்ன எழுதறாங்கன்னு வந்து பாக்கணும்."

பைக்குள் கையை விட்டேன். வெயிட் சில்லென்றிருந்தது,
துளைக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு.
பல்லிடுக்கில் இன்னும் நறநறவென்று வண்டல்.